லேத்தில் தொடங்கும் பந்தயம்

உழவு நேரத்தில் புதுச்சேரியின் பண்டசோழநல்லூரில் ஒரு டிராக்டர் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கலப்பையை மாட்டும் பின் தேய்ந்துவிட்டது. அதைப் பழந்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, வண்டிக்காரர் வில்லியனூர்ப் பக்கம் ஒரு லேத் பட்டறைக்குப் போகிறார்.

"அண்ணே, நாளைக்கு உழவு இருக்கு. இன்னைக்கே வேணும்."

"பின்னு மட்டும் போகலண்ணே, புஷ்ஷும் போயிருக்கு. ரெண்டையும் வெச்சுட்டுப் போங்க. சாயந்திரம் வாங்க."

டர்னர் பழைய பின்னை வெர்னியரில் பிடித்துப் பார்க்கிறார். தேயாத இடத்தில் ஓர் அளவு, தேய்ந்த இடத்தில் வேறோர் அளவு. புது இரும்புத் தண்டைச் சக்கில் இறுக்கி மோட்டாரைப் போடுகிறார். உளி பட்டதும் நீலம் பாய்ந்த சுருளாக இரும்பு உரிந்து விழுகிறது. நிறுத்தி அளக்கிறார், இன்னும் கொஞ்சம் கடைகிறார், மறுபடி அளக்கிறார். கடைசியில் எண்ணெய் தொட்டுப் புஷ்ஷுக்குள் நுழைத்துப் பார்க்கிறார். அது ஆடவும் கூடாது, இறுகவும் கூடாது.

கோடிக்கணக்கில் பணம் புரளும் ஸ்டாக் கார் பந்தயத்தின் அடிப்படையும் இந்தக் கடைசி வரிதான். தொலைக்காட்சியில் நமக்குத் தெரிவது ஓட்டுநரின் ஹெல்மெட். அதற்குப் பின்னால் டர்னர், மெஷினிஸ்ட், வெல்டர், ஃபிட்டர் என்று ஒரு பட்டறையே நிற்கிறது. அந்தப் பட்டறையிலிருந்தே இந்த விளையாட்டைப் பார்ப்போம்.

ஸ்டாக் கார் என்றால் என்ன?

ஃபார்முலா 1 காருக்குச் சக்கரங்கள் வெளியே தெரியும், ஒரே ஆள் உட்காருவார், தெருவில் அதைப் பார்க்க முடியாது. ஸ்டாக் கார் அப்படியல்ல. கடையில் இருப்பில் உள்ள கார் என்பதே பெயரின் பொருள். ஷோரூமில் விற்கும் காரைப் போலவே தோற்றம். தொடக்கத்தில் உண்மையிலேயே ஷோரூம் கார்களைத்தான் ஓட்டினார்கள். இன்று வெளித்தோற்றம் மட்டும்தான் மிச்சம். உள்ளே இருப்பது பந்தயத்துக்கென்றே செய்த குழாய்ச் சட்டமும் வி8 இன்ஜினும்.

இந்தப் பந்தயத்தின் தாயகம் அமெரிக்கா. நாஸ்கார் என்ற அமைப்பை 1948 பிப்ரவரியில் பில் ஃபிரான்ஸ் என்பவர் ஃபுளோரிடாவின் டேடோனா பீச்சில் தொடங்கினார். ஷோரூம் கார்களுக்கான அதன் முதல் பந்தயம் 1949 ஜூன் 19 அன்று வட கரோலினாவின் சார்லட் நகரில் நடந்தது.

சாராயம் சுமந்த கார்

இந்த வரலாற்றில் ஒரு பகுதி புதுச்சேரிக்காரர்களுக்கு உடனே புரியும். ஒரு வாய்க்காலைத் தாண்டினால் தமிழ்நாடு, இன்னொரு வரப்பைத் தாண்டினால் மறுபடி புதுச்சேரி என்று கிடக்கும் ஊர்கள் நம்முடையவை. வரி வித்தியாசத்தால் பாட்டில் எல்லை தாண்டுவதும், சோதனைச்சாவடியில் வண்டி நிற்பதும் நமக்குப் புதிதல்ல.

அமெரிக்காவின் தென்மலைப் பகுதிகளிலும் அதே கதைதான். மதுவிலக்கு 1933இல் போய்விட்டது. வரி போகவில்லை. வரி கட்டாத சாராயத்தை இரவில் மலைப்பாதையில் கடத்த வேகமான கார் தேவைப்பட்டது. ஆனால் பார்த்தால் சாதாரணக் காராகத் தெரிய வேண்டும். சுமை ஏற்றினால் காரின் பின்பக்கம் தாழும், போலீஸும் அதைத்தான் பார்க்கும். அதனால் பின்பக்க ஸ்பிரிங்கைப் பலப்படுத்தினார்கள். இன்ஜினையும் பிரித்து வேகம் ஏற்றினார்கள். வெளியே குடும்பக் கார், உள்ளே பட்டறையின் கைவேலை. ஸ்டாக் காரின் இலக்கணமே அதுதான்.

1949இல் அந்த முதல் பந்தயத்தில் முதலாவதாக வந்தவர் கிளென் டனவே. பந்தயம் முடிந்ததும் காரைச் சோதித்தார்கள். பின்பக்க ஸ்பிரிங் மாற்றப்பட்டிருந்தது, சாராய வண்டிகளில் செய்யும் அதே வேலை. வெற்றி பறிக்கப்பட்டு, அடுத்து வந்த ஜிம் ரோப்பருக்குப் போனது. முதல் பந்தயத்தின் முடிவையே ஒரு பட்டறை வேலை மாற்றி எழுதியது.

அந்தக் காலத்தின் பெரிய நட்சத்திரம் ஜூனியர் ஜான்சனும் சாராய வண்டி ஓட்டிப் பழகியவர்தான். 1956இல் அப்பாவின் சாராய ஊறலில் பிடிபட்டுச் சிறைக்குப் போனார். வெளியே வந்து மறுபடி ஓட்டினார், மொத்தத்தில் 50 பந்தயங்களை வென்றார். 1960இல் டேடோனா 500 என்ற பந்தயத்தின் பட்டமும் அவருக்குக் கிடைத்தது. 1986இல் அதிபர் ரீகன் அவருக்கு மன்னிப்பு வழங்கினார்.

பட்டறையில் யார், என்ன வேலை?

பெரிய நாஸ்கார் அணிகள் பெரும்பாலும் சார்லட் நகரைச் சுற்றியே இருக்கின்றன. ஓர் அணியின் பட்டறைக்குள் போனால் நம் ஐடிஐ பிரிவுகளே வரிசையாக நிற்பது போலத் தோன்றும்.

டர்னர் உருண்டையான பாகங்களின் வேலைக்காரர். தண்டு, புஷ், பின் எல்லாம் அவர் லேத்தில் கடைவார். மெஷினிஸ்ட் மில்லிங், கிரைண்டிங் இயந்திரங்களில் வேலை செய்பவர். தட்டையாக்குவது, பள்ளம் எடுப்பது, துளையைச் சரியான இடத்தில் போடுவது, சிலிண்டர் ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவுவது அவர் பொறுப்பு. இன்று இதில் பெரும்பங்கைக் கணினி சொல்படி நகரும் சிஎன்சி இயந்திரங்கள் செய்கின்றன. ஆனாலும் எந்த உளி, எவ்வளவு வேகம், எவ்வளவு ஆழம் என்று முடிவு செய்ய ஆள் வேண்டும். வெல்டரும் தகடு வேலைக்காரரும் சட்டத்தையும் உடலையும் பார்ப்பார்கள். இன்ஜின் பிரிவில் ஒருவர் கோப்பார், இன்னொருவர் அளந்து எழுதுவார். இவர்கள் எல்லோருக்கும் மேலே குரூ சீஃப் என்ற மேஸ்திரி. கல்யாண வீட்டில் சமையல் மாஸ்டருக்கு உள்ள அதிகாரம் இவருக்கு உண்டு. ருசி சரியில்லை என்றால் பேச்சும் இவருக்குத்தான்.

அளவு எவ்வளவு நுணுக்கமானது? நம் கொத்தனார்களும் தச்சர்களும் 'ஒரு நூல்' என்பார்கள். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, ஏறத்தாழ 3.2 மில்லிமீட்டர். சுவரில் ஒரு நூல் பிசகினால் பூச்சில் மறைத்துவிடலாம். இன்ஜினில் கிராங்க் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே விடும் இடைவெளி சுமார் 0.05 மில்லிமீட்டர், அதாவது 50 மைக்ரான். ஒரு நூலை அறுபதுக்கும் மேற்பட்ட துண்டாகப் பிளந்தால் வரும் அளவு. அந்த இடுக்கில் ஆயில் ஒரு படலமாக நிற்கிறது. இடைவெளி குறைந்தால் ஆயில் நுழையாமல் பேரிங் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். கூடினால் ஆயில் அழுத்தம் இறங்கித் தண்டு தட்டத் தொடங்கும். டிராக்டர் பின்னுக்குச் சொன்ன அதே விதி, அளவுதான் மிகச் சிறியது.

பழைய பாணி, புதிய வேகம்

நாஸ்கார் இன்ஜின் ஏதோ விண்வெளிப் பொருள் என்று நினைக்க வேண்டாம். அது 5.86 லிட்டர் கொள்ளளவுள்ள வி8. வால்வுகளைத் திறப்பது புஷ் ராடு. கீழே கேம் ஷாஃப்ட், அதிலிருந்து நீளமான கம்பி மேலே போய் ராக்கரைத் தட்டும், ராக்கர் வால்வை அமுக்கும். அம்பாசடர் இன்ஜினை இறக்கி ஏற்றிய மெக்கானிக்குக்கு இந்த அமைப்பு கண்ணை மூடினாலும் தெரியும். இன்னொரு வியப்பு, 2011 வரை முதல்நிலைப் பந்தயக் கார்களில் கார்புரேட்டர்தான் இருந்தது. 2012இல்தான் எரிபொருளைப் பீய்ச்சும் முறைக்கு மாறினார்கள்.

இந்தப் பழைய அமைப்பை வைத்துக்கொண்டு நிமிடத்துக்கு 9,000 சுற்றுவரை ஓட்டுகிறார்கள். அப்படியானால் நொடிக்கு 150 சுற்று. ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 75 முறை திறந்து மூடுகிறது. கம்பி சற்று வளைந்தாலும், ஸ்பிரிங் சற்றுத் தளர்ந்தாலும் வால்வு நேரத்துக்கு மூடாது. பிஸ்டன் மேலே வந்து வால்வில் இடித்தால் அந்த இன்ஜின் அன்றைக்குப் பழைய இரும்பு. அதோடு, ஒவ்வொரு பிஸ்டனும் மற்றதோடு எடை ஒத்திருக்க வேண்டும், கிராங்க் சுழலும்போது அதிராதபடி சமன் செய்திருக்க வேண்டும். கேட்க எளிது, ஒவ்வொரு பாகத்தையும் கையிலெடுத்து அளந்து, எழுதி, மறுபடி அளக்கும் பொறுமைதான் அரிது.

2022இல் விதிகள் பெரிதாக மாறின. அதுவரை சட்டத்தை அணிகள் தாங்களே வளைத்து வெல்டு வைத்துச் செய்தன. இப்போது சட்டம், கியர் பெட்டி, உடல் தகடு போன்ற பல பாகங்களில் ஒவ்வொன்றையும் அதற்கென நியமிக்கப்பட்ட ஒரே உற்பத்தியாளரிடம்தான் எல்லா அணிகளும் வாங்க வேண்டும். வாங்கிய பாகத்தைச் சுரண்டவும் கூடாது. ஆகவே இப்போதைய திறமை புதிதாகச் செய்வதைவிட, அனுமதித்த எல்லைக்குள் மிகச் சரியாகக் கோப்பதில் இருக்கிறது.

ஓட்டுநர்: ஒரு பக்கமே சுற்றும் செக்கு

பெரும்பாலான நாஸ்கார் தடங்கள் முட்டை வடிவில் இருக்கும். கார் இடப்பக்கமே திரும்பிக்கொண்டிருக்கும். செக்கு மாடு போலச் சுற்றுவதில் என்ன கஷ்டம் என்று கேட்கத் தோன்றும். டேடோனா தடம் 4 கிலோமீட்டர், வளைவுகளில் 31 டிகிரிச் சரிவு. டேடோனா 500 பந்தயத்துக்கு 200 சுற்று, 800 கிலோமீட்டர். புதுச்சேரியிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய இரண்டரை முறை போய்த் திரும்பும் தூரத்தை, முன்னும் பின்னும் ஒட்டியபடி நாற்பது கார்கள் ஓட, பெரும்பகுதி மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க வேண்டும். காருக்குள் வெப்பம் 50 டிகிரியைத் தொடும்.

எப்போதும் இடப்பக்கம் திரும்புவதால் காரின் எடை வலப்பக்க டயர்களில் சாயும், அவை முதலில் தேயும். அதற்கேற்பப் பட்டறையிலேயே காரை ஒருக்கணித்து அமைக்கிறார்கள். நான்கு மூலைகளிலும் ஒரே எடை இருக்காது. நேர்ச்சாலையில் விட்டால் கோணலாகப் போகும் கார், வளைவில் தானாகத் திரும்பும்.

ஓட்டுநரின் முக்கிய வேலை ஓட்டுவது மட்டுமல்ல, சொல்வதும்தான். 'பின்பக்கம் வாருது' என்பது ஒரு புகார். 'முன்பக்கம் திரும்ப மாட்டேங்குது' என்பது நேர் எதிரான புகார். ரேடியோவில் அவர் இதைச் சரியாகச் சொன்னால், அடுத்த நிறுத்தத்தில் ஒருவர் பின்கண்ணாடி அருகே உள்ள துளையில் நீளமான திருகுச்சாவியை நுழைத்து, ஸ்பிரிங்கின் இறுக்கத்தை ஒரு சுற்றோ அரைச் சுற்றோ மாற்றுவார். அதற்குள் கார் வேறு வண்டியாகிவிடும். நோயாளி வலியைச் சரியாகச் சொன்னால்தான் வைத்தியர் சரியான மருந்து தர முடியும். நல்ல ஓட்டுநர்களை மெஷினிஸ்டுகள் மதிப்பது இதற்காகத்தான்.

பத்து நொடி வேலை

பந்தயத்தின் நடுவே கார் டயர் மாற்றவும் பெட்ரோல் போடவும் நிற்கும் இடம் பிட். நாஸ்காரில் ஐந்து பேர் சுவரைத் தாண்டிக் குதிக்கிறார்கள். டயர் கழற்ற இருவர், டயர் தூக்க ஒருவர், ஜாக்கி போட ஒருவர், பெட்ரோல் ஊற்ற ஒருவர். நான்கு டயரும் மாறுவதற்குப் பத்து நொடிக்கு முன்பின் ஆகிறது. முன்பு ஒரு சக்கரத்துக்கு ஐந்து நட்டு, 2022 முதல் நடுவே ஒரே நட்டு.

இந்த வேலையை ஒரு கலையாக்கியவர்கள் வர்ஜீனியாவின் ஸ்டூவர்ட் என்ற சிற்றூரைச் சேர்ந்த வுட் சகோதரர்கள். 1950இல் அணி தொடங்கினார்கள். மற்றவர்கள் ஓட்டுநரின் வேகத்தை மட்டும் யோசித்தபோது, கார் நிற்கும் நேரத்தைக் குறைத்தாலும் அதே லாபம்தான் என்று கண்டுகொண்டார்கள். லெனார்ட் வுட் ஜாக்கியைப் பிரித்துத் திருத்தி, சில அமுக்கிலேயே கார் எழும்பும்படி செய்தார். புகழ் பரவி, 1965இல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் ஜிம் கிளார்க்கின் லோட்டஸ் காருக்குப் பிட் வேலை செய்ய இவர்களை அழைத்தார்கள். முற்றிலும் வேறு வகைக் கார். கிளார்க் வென்றார்.

பட்டறைப் புத்திக்கு இன்னொரு முகமும் உண்டு. டேடோனா பீச் மெக்கானிக் ஸ்மோக்கி யூனிக் பெயரைச் சொன்னால் சோதனை அதிகாரிகளுக்கு வியர்க்கும். பெட்ரோல் தொட்டியின் கொள்ளளவுக்கு விதி இருந்தது, குழாய்க்கு இல்லை. அவர் 11 அடி நீளத்துக்குத் தடித்த பெட்ரோல் குழாய் வைத்து, அதிலும் கொஞ்சம் சேமித்துக்கொண்டார். அவரே பெருமையாகச் சொன்ன கதை. விதியில் எழுதாததைத் தேடும் இப்படிப்பட்டவர்களால்தான் விதிப்புத்தகம் தடித்தது. இன்று ஒளிக்கருவிகள் காரின் உடலை முழுக்க அளந்து, ஒப்புதல் பெற்ற வடிவத்தோடு ஒப்பிடுகின்றன.

நம் பக்கம்: சோழவரம் முதல் கோயம்புத்தூர் வரை

இந்தியாவில் முட்டைத்தடப் பந்தயம் வேரூன்றவில்லை. ஆனால் தெருக்காரைத் திருத்திப் பந்தயத்துக்கு விடும் வழக்கம் தமிழ்நாட்டில் பல பத்தாண்டுகளாக உண்டு. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தொடங்கியது. சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப்போர்க் காலத்து சோழவரம் விமான ஓடுதளத்தில் ஃபியட், ஹெரால்டு, அம்பாசடர் கார்கள் ஓடின. 1990இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டரில் 12 வளைவுகளோடு தனித் தடமே வந்தது. இன்றும் தேசியப் போட்டிகளில் சூப்பர் ஸ்டாக், இந்தியன் டூரிங் கார் என்ற பிரிவுகள் உண்டு. ஸ்டாக் காரின் நெருங்கிய சொந்தங்கள் இவைதான். இருக்கைகளையும் மெத்தையையும் பிடுங்கிவிட்டு, எஃகுக் குழாயில் கூண்டு கட்டி வெல்டு வைத்து, ஹெட்டைச் சீவி, ஸ்பிரிங்கை மாற்றி, மாருதிகளையும் ஹோண்டாக்களையும் பந்தயக் காராக்குகிறார்கள்.

இந்த வேலையின் தலைநகரம் கோயம்புத்தூர். பம்புசெட், மில் இயந்திரம், வார்ப்புப் பட்டறை, தெருவுக்குத் தெரு லேத் என்று வளர்ந்த ஊர். அங்கே கரிவரதன் என்ற பந்தய வீரர் 1980களின் இறுதியில் மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உள்ளூரிலேயே உருவாக்கினார். வெளிநாட்டுக் கார் வாங்க வசதியில்லாத இளைஞர்களும் பந்தயம் பழக, ஃபார்முலா மாருதி என்ற அந்தக் கார் வழிவிட்டது. 1995இல் விமான விபத்தில் அவர் இறந்தார். செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயத்தடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அந்த ஃபார்முலா மாருதியில் 1992இல் இருங்காட்டுக்கோட்டையில் தன் முதல் பந்தயத்தை ஓட்டியவர்தான் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். 2005இல் ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியர். பலருக்குத் தெரியாத செய்தி, அவர் நாஸ்காரிலும் ஓட்டினார். 2010 மார்ச்சில் வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்வில் தடத்தில், நாஸ்காரின் பிக்கப் டிரக் பிரிவில் வைலர் ரேசிங் அணிக்காக இறங்கினார். காகிதக் கிளிப் போன்ற அந்தச் சிறு தடத்தில் முதல் பந்தயத்திலேயே 13ஆம் இடம். 600 கிலோவை ஒட்டிய ஃபார்முலா காரில் பழகியவருக்கு ஒன்றரை டன் வண்டி, தோளோடு தோள் உரசும் பந்தயம். அந்த ஆண்டு டிரக் பிரிவின் மிகப் பிரபலமான ஓட்டுநர் விருதை ரசிகர்கள் வாக்களித்து அவருக்குத் தந்தார்கள். சாராயம் கடத்திய மலைக்காரர்களின் விளையாட்டில் கொங்கு நாட்டுக்காரர் ஒருவர் இடம்பிடித்தார்.

உயிர் காக்கும் வெல்டு

பட்டறை வேலை வேகத்துக்கு மட்டுமல்ல. 2001 பிப்ரவரியில் டேடோனா 500 பந்தயத்தின் கடைசிச் சுற்றில் நாஸ்காரின் மிகப்பெரிய நட்சத்திரம் டேல் எர்ன்ஹார்ட் சுவரில் மோதி இறந்தார். அதே ஆண்டில் கழுத்தைத் தாங்கும் கருவியைக் கட்டாயமாக்கினார்கள். பின்னர் தடச் சுவர்களுக்கு முன்னால் அதிர்ச்சியை உறிஞ்சும் தடுப்புகள் வந்தன. நம் இருங்காட்டுக்கோட்டையிலும் 2023 ஜனவரியில் சலூன் கார் பந்தயத்தில் மூத்த வீரர் கே.இ.குமார் விபத்தில் உயிரிழந்தார். கார் உருளும்போது ஓட்டுநரின் தலைக்கு மேலே நிற்பது ஒரு குழாயும் சில வெல்டுகளும்தான். அந்த மூட்டைப் போட்டவர் அன்றைக்கு அவசரப்பட்டாரா, நிதானமாகப் போட்டாரா என்பது அப்போதுதான் தெரியும்.

ஊருக்கு ஒரு வார்த்தை

பந்தயக் கார் ஓட்ட நிறையப் பணம் வேண்டும், அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் பந்தயக் காரைச் செய்யும் வழி நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அடைத்துக் கிடக்கவில்லை. ஐடிஐயில் டர்னர், மெஷினிஸ்ட், ஃபிட்டர், மோட்டார் மெக்கானிக் எல்லாம் இரண்டு ஆண்டுப் படிப்பு, வெல்டர் ஓராண்டு. வேறு எதுவும் கிடைக்கவில்லை என்று சேரும் படிப்பாக இவற்றைப் பார்க்கிறோம். மைக்ரோமீட்டரைப் பிடிக்கத் தெரிந்த கைக்கு டிராக்டரும் பந்தயக் காரும் ஒன்றுதான்.

இருங்காட்டுக்கோட்டையில் பந்தயம் என்று கேள்விப்பட்டால், காலையிலேயே கிளம்பித் திண்டிவனம் வழியாகப் போய்ப் பாருங்கள். கொடி அசைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். அனுமதி கிடைத்தால் பிட் பக்கம் நின்று, காருக்கு அடியில் படுத்திருப்பவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். உங்கள் வீட்டில் ஐடிஐ படிக்கும் பையனோ பெண்ணோ இருந்தால், அவர்களையும் கூட அழைத்துக்கொண்டு போங்கள்.